கட்டில் காலில் ஒரு பாட்டில்: கடலோர மருத்துவமனைகளில் டாக்டர், நர்ஸ் கைச்சுத்தத்துக்கு முழு வழிகாட்டி

ராமநாதபுரம் கடலோரத்தில், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, பல மருத்துவமனைகளில் பேசின் குழாயின் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். சோப்பைத் தேய்த்தால் நுரை எழும்பாது, கையில் பிசுபிசுவென்று ஒரு படலம் ஒட்டும். வார்டு நீளமானது, பேசினோ அதன் கடைசியில் இருக்கிறது. முப்பது கட்டிலைப் பார்க்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸிடம் “ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள்” என்று சுவரொட்டி சொல்கிறது. அதை எழுதியவர் அந்த நர்ஸோடு ஒரு ஷிப்ட் நடந்து பார்க்கவில்லை.

கைச்சுத்தம் குறைவதற்குக் காரணம் அக்கறையின்மை என்று முடிவு கட்டுவதால் எதுவும் மாறுவதில்லை. கிருமி கைவழி பரவும் என்பது டாக்டருக்கும் தெரியும், நர்ஸுக்கும் தெரியும். கை நீட்டும் தூரத்தில் கை தேய்க்கும் மருந்து இருக்கிறதா, எந்த நொடியில் தேய்க்க வேண்டும் என்பது உடம்புக்குப் பழகியிருக்கிறதா, செய்ததை யாராவது ஒழுங்காக எண்ணுகிறார்களா என்ற மூன்றையும் வரிசையாகச் சரிசெய்தால் எண்ணிக்கை ஏறும். வரிசை முக்கியம். பாட்டில் இல்லாத வார்டில் வகுப்பு எடுத்துப் பயனில்லை.

முதல் வேலை: கணக்குப் போடுங்கள்

ஒரு ஷிப்ட் 8 மணி நேரம். மணிக்கு 10 தடவை கையைச் சுத்தம் செய்ய வேண்டிய தருணம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பொது வார்டில் இது மிகையான எண் இல்லை. மொத்தம் 80 தடவை. சோப்பும் தண்ணீரும் என்றால் கழுவ 40 முதல் 60 நொடி, பேசினுக்கு நடந்து போய்த் திரும்ப இன்னொரு 30 நொடி. ஒரு தடவைக்கு ஒன்றரை நிமிடம், 80 தடவைக்கு இரண்டு மணி நேரம். எட்டு மணி நேர வேலையில் இரண்டு மணி நேரம் பேசினில் நிற்க யாராலும் முடியாது. ஆல்கஹால் ஹேண்ட் ரப் கட்டிலருகே இருந்தால் ஒரு தடவைக்கு 20 முதல் 30 நொடி. 80 தடவைக்கு ஏறத்தாழ 33 நிமிடம், அதுவும் அடுத்த கட்டிலுக்கு நடந்துகொண்டே, நோயாளியிடம் பேசிக்கொண்டே.

ஆகவே நம் கடலோரத்தில் ஹேண்ட் ரப்தான் முதல் வழி. சோப்பும் தண்ணீரும் சில குறிப்பிட்ட இடங்களுக்கு. கையில் ரத்தமோ சீழோ கண்ணுக்குத் தெரிந்தால், மீன் முள் குத்தியோ திருக்கை கொட்டியோ வந்தவரின் காயத்தைக் கையாண்டு கையில் செதிலும் சேறும் ஒட்டியிருந்தால், வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்திருந்தால், கழிப்பறைக்குப் போய் வந்தால் சோப்புதான். சில வயிற்றுப்போக்குக் கிருமிகளின் வித்துகளை (கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் நிலையில் உள்ள கிருமிகளை) ஆல்கஹால் கொல்லாது, தேய்த்துக் கழுவி ஓட விட்டால்தான் போகும். இவை தவிர மற்ற நேரமெல்லாம் உலர்ந்த கையில் ஹேண்ட் ரப். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யாதீர்கள். சோப்பில் கழுவியவுடன் ஹேண்ட் ரப் போட்டால் தோல் வறண்டு வெடிக்கும். ஈரக் கையில் போட்டால் ஆல்கஹால் நீர்த்து வலுவிழக்கும்.

இனி மாதத் தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் சுய மதிப்பீட்டுப் படிவம் கேட்கும் குறைந்தபட்சம், 1000 நோயாளி-நாளுக்கு 20 லிட்டர். ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி-நாள். அதாவது ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 20 மி.லி. ஒரு தடவைக்கு உள்ளங்கை நிறைய, ஏறக்குறைய 3 மி.லி. எடுத்தால் நாளுக்கு ஆறு ஏழு தடவைதான். 30 கட்டிலும் நிரம்பியிருந்தால் மாதத்துக்கு 900 நோயாளி-நாள், 18 லிட்டர், 500 மி.லி. பாட்டில் 36. உங்கள் வார்டு இன்டென்ட் புத்தகத்தை, அதாவது கிடங்கிலிருந்து பொருள் கேட்டு வாங்கும் பதிவேட்டை, திறந்து பாருங்கள். மாதம் 6 பாட்டில் என்று எழுதியிருந்தால், ஒரு நோயாளிக்கு நாள் முழுவதும் சேர்த்து ஒரே ஒரு தடவை கை தேய்க்க மட்டுமே மருந்து வந்திருக்கிறது. அந்த வார்டில் டாக்டரையும் நர்ஸையும் குறை சொல்ல இடமே இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கும் இதைவிடப் பல மடங்கு வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, நர்சிங் சூப்பரின்டென்டன்ட் கையெழுத்தோடு ஆர்.எம்.ஓ.விடமும் (நிலைய மருத்துவ அலுவலர்) மருந்துக் கிடங்கிலும் கொடுங்கள். “ஹேண்ட் ரப் அதிகம் வேண்டும்” என்று வாயால் கேட்பதற்கும், “900 நோயாளி-நாள், 18 லிட்டர், வந்தது 3 லிட்டர்” என்று எழுதிக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அடுத்த மாத விநியோகத்தில் தெரியும். மருத்துவமனைத் தூய்மைக்கான அரசின் காயகல்ப் மதிப்பீட்டுக்கு ஆள் வரும்போதும் அதே தாள் உதவும்.

பாட்டில் எங்கே, எப்படி

கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில், நோயாளியின் கை எட்டாத பக்கம். ஊசி ட்ராலியில் ஒன்று, டிரஸ்ஸிங் ட்ராலியில் ஒன்று, வார்டு வாசலில் ஒன்று, நர்ஸ் மேசையில் ஒன்று. எல்லாக் கட்டிலுக்கும் முடியாவிட்டால் இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒன்று. அதற்கும் குறைந்தால் வைத்தும் வைக்காததுபோலத்தான்.

கடல் காற்று உலோகத்தை விடாது. பம்ப்பின் உள்ளே இருக்கும் சுருள்கம்பி துருப்பிடித்து, அழுத்தினால் பாதியில் நிற்கும். சாதாரண ஆணியில் மாட்டிய கூடு ஒரு மழைக்காலத்தில் துருக்கறையோடு சுவரைவிட்டு வரும். துருப்பிடிக்காத எஃகுத் தாங்கியோ கனமான பிளாஸ்டிக் கூடோ வாங்குங்கள். கை காட்டினால் தானாகச் சொட்டும் சென்சார் கருவிகள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், பேட்டரி தீர்ந்தால் மாற்ற ஆள் இல்லாத வார்டில் ஒரே மாதத்தில் காட்சிப் பொருளாகிவிடும். முழங்கையால் அழுத்தும் நீண்ட நெம்புகோல் உள்ளதே நமக்கு நின்று உழைக்கும்.

பாட்டில் காணாமல் போவது எல்லா வார்டிலும் உள்ள தொல்லை. பூட்டக்கூடிய கூடு உதவும். மனநல வார்டு, குழந்தைகள் வார்டு, மதுப்பழக்கத்தால் சேர்ந்தவர்கள் படுத்திருக்கும் இடம் ஆகியவற்றில் கட்டிலில் தொங்க விடவே வேண்டாம். யாராவது எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து உண்டு. அங்கே ஊழியர்கள் 100 மி.லி. பாட்டிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும்.

தீ பற்றியும் சொல்ல வேண்டும். 80 சதவீத எத்தனால் கலவையின் ஆவி 17.5 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் நிலைக்கு வரும், 75 சதவீத ஐசோபுரொப்பைல் கலவை 19 டிகிரியில். நம் ஊரில் அந்த அளவு குளிர்வது அபூர்வம். ஆகவே பாட்டில் எப்போதும் தீப்பிடிக்கும் நிலையில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே மாட்டக்கூடாது. இருப்பை ஸ்டெரிலைசர் அறையிலோ வெயில் விழும் ஜன்னலடியிலோ அடுக்கக்கூடாது. தேய்த்த கை நன்றாக உலர்ந்த பிறகே காட்டரி கருவியையோ (மின்சாரத்தால் திசுவைச் சுடுவது) ஸ்விட்சையோ தொட வேண்டும்.

பாதி தீர்ந்த பாட்டிலில் மேலும் மேலும் ஊற்றி நிரப்பும் பழக்கத்தை நிறுத்துங்கள். திரும்பப் பயன்படுத்துவதானால் காலி பாட்டிலைக் கழுவி, கிருமி நீக்கி, முழுக்க உலர்த்தி, புதிய தேதியும் பேட்ச் எண்ணும் ஒட்டி நிரப்ப வேண்டும்.

சப்ளை தட்டுப்பாடானால்: மருந்தகத்தில் தயாரிப்பது

உலக சுகாதார நிறுவனம் தரும் இரண்டு கலவைகளில் முதலாவது எத்தனால், இரண்டாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இரண்டாம் கலவையே நம் மருந்தகங்களுக்கு எளிது, ஏனென்றால் எத்தனாலுக்கு மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை அனுமதி தேவைப்படும். 10 லிட்டருக்கு அளவு: 99.8 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 7515 மி.லி., 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98 சதவீத கிளிசரால் 145 மி.லி., மீதி காய்ச்சி வடித்த தண்ணீர் அல்லது கொதித்து ஆறிய தண்ணீர்.

மூடியுள்ள 10 லிட்டர் கேனில் முதலில் ஆல்கஹால், பிறகு பெராக்சைடு. கிளிசரால் கெட்டியானது, அளவுக்குடுவையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குடுவையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் கேனிலேயே ஊற்றுங்கள். 10 லிட்டர் கோடு வரை தண்ணீர் சேர்த்து, உடனே மூடி, மெதுவாகக் குலுக்கிக் கலக்குங்கள். ஆல்கஹால்மானியால் சோதித்தால் 70 முதல் 80 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். பாட்டில்களில் பிரித்து 72 மணி நேரம் தொடாமல் வைத்துவிட்டுத்தான் வார்டுக்கு அனுப்ப வேண்டும். கலவையிலோ பாட்டிலிலோ தங்கியிருக்கும் வித்துகளைப் பெராக்சைடு அழிக்க அந்த நேரம் தேவை. கையிலுள்ள கிருமியைக் கொல்வது ஆல்கஹால், பெராக்சைடுக்கு அதில் பங்கில்லை.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. கடையில் வாங்கும் பெராக்சைடு 6 சதவீதமாக இருக்கலாம். லேபிளைப் படிக்காமல் 417 மி.லி. ஊற்றிவிடுவார்கள், சரியான அளவு 208 மி.லி.தான். இன்னொன்று தண்ணீர். குழாயில் வரும் உப்புத் தண்ணீரைச் சேர்த்தால் பம்ப்பின் மூக்கில் உப்பு கட்டிக்கொள்ளும், கையில் வெண்பொடி படியும், ஊழியர்கள் அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிடுவார்கள். விலை குறைவென்று தொழிற்சாலை ஸ்பிரிட் வாங்கவே கூடாது. அதில் மெத்தனால் கலந்திருந்தால் தோல் வழியாகவும் நஞ்சு ஏறும்.

தேய்க்கும் முறை

உள்ளங்கையைக் குழிவாக்கி 3 மி.லி. வாங்குங்கள். பல பம்ப்புகள் ஒரு அழுத்தத்துக்கு 1 முதல் 1.5 மி.லி.தான் தரும், எனவே இரண்டு அழுத்தம். உங்கள் பம்ப் எவ்வளவு தருகிறதென்று பத்து அழுத்தத்தை ஒரு சிரிஞ்சில் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்கையோடு உள்ளங்கை. வலது உள்ளங்கையை இடது புறங்கையின் மேல் வைத்து விரல் கோத்துத் தேய்த்து, பிறகு மாற்றி. உள்ளங்கைகளை எதிரெதிரே வைத்து விரல் கோத்து. விரல்களை மடக்கிக் கொக்கிபோல் கோத்து விரல்முதுகுகளை எதிர் உள்ளங்கையில். கட்டைவிரலை மற்றக் கையால் பிடித்துச் சுழற்றி, இரண்டும். கடைசியாக விரல் நுனிகளைக் குவித்து எதிர் உள்ளங்கையில் வட்டமாக. இவ்வளவும் முடிந்து கை உலர 20 முதல் 30 நொடி. அதற்குள் உலர்ந்துவிட்டால் எடுத்த அளவு போதவில்லை. உதறியோ கோட்டில் துடைத்தோ உலர்த்தாதீர்கள்.

அவசரத்தில் விடுபடுவது கட்டைவிரலும் விரல் நுனியும்தான். நாடி பார்ப்பதும், கேனுலா (நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) போட நரம்பைத் தடவிப் பார்ப்பதும் அதே விரல் நுனிகள். பயிற்சியில் ஒளிரும் திரவம் கலந்த ஹேண்ட் ரப்பைத் தேய்க்கச் சொல்லி, இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துக் காட்டுங்கள். கட்டைவிரலின் அடிப்பகுதி கறுப்பாகவே இருப்பதைத் தன் கண்ணால் ஒரு முறை பார்த்தவர் மறப்பதில்லை.

நகம் அரை சென்டிமீட்டருக்குக் குறைவாக. ஒட்டு நகம் கூடாது. மோதிரம், கைக்கடிகாரம் டூட்டியில் கழற்ற வேண்டும். மருதாணியால் தடையில்லை. கோயிலில் கட்டிய கயிறு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதை முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம். வளைகாப்பு முடிந்த சகோதரிகளின் கண்ணாடி வளையல் விஷயத்தைத் தலைமை நர்ஸ் தனியாக, மரியாதையோடு பேசித் தீர்க்க வேண்டும். டூட்டி நேரம் மட்டும் கழற்றி லாக்கரில் வைத்து, முடிந்ததும் போட்டுக்கொள்ளட்டும். பேறுகால வார்டில் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. எல்லார் முன்னிலையிலும் கழற்றச் சொல்லி அவமானப்படுத்தினால் மொத்த முயற்சியும் அன்றே கெட்டுவிடும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் இஸ்லாமிய ஊழியர்கள் சிலருக்கு ஆல்கஹால் என்ற சொல்லே தயக்கம் தரும். கேலி செய்யாமல் விளக்குங்கள். மக்காவில் 2002இல் கூடிய முஸ்லிம் உலக லீக்கின் ஃபிக்ஹ் கவுன்சில், கிருமி நீக்கவும் வெளிப்பூச்சாகவும் ஆல்கஹாலைப் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருக்கிறது. சவுதி அரேபிய மருத்துவமனைகளிலும் ஹேண்ட் ரப் புழக்கத்தில் உள்ளது.

ஐந்து தருணங்கள், ஒரே ஓர் ஊசியில்

ஐந்தும் இவை: நோயாளியைத் தொடும் முன், சுத்தமான, கிருமியற்ற செயலுக்கு முன், ரத்தம், சிறுநீர், சளி போன்றவை பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைத் தொடாவிட்டாலும் அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். மனப்பாடமாக எல்லாரும் சொல்வார்கள். வேலைக்கு நடுவே அவை எங்கே விழுகின்றன என்பதில்தான் குழப்பம். அதற்கு முதலில் ‘நோயாளி எல்லை’ புரிய வேண்டும். நோயாளி, அவர் கட்டில், லாக்கர், டிரிப்ஸ் ஸ்டாண்ட், மானிட்டர் எல்லாம் சேர்ந்து ஓர் எல்லை. அதற்குள் இருப்பவை அவர் கிருமிகள். வெளியே மற்றவர்களுடையவை. எல்லையைக் கை தாண்டும்போதெல்லாம் தேய்க்க வேண்டும். எல்லைக்குள்ளேயே என்றாலும், சுத்தச் செயலுக்கு முன்பும் ரத்தம் முதலியவை பட்ட பின்பும் தேய்க்க வேண்டும்.

காலை 8 மணி ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக்கொள்வோம். சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு ட்ராலிக்கு வருகிறார். மருந்தைக் கலந்து சிரிஞ்சில் ஏற்றுவது சுத்தச் செயல், ஆகவே அதற்கு முன் தேய்க்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு 12ஆம் கட்டிலுக்குப் போகிறார். வழியில் திரைச்சீலையை விலக்குகிறார், “என்னம்மா, ராத்திரி தூங்குனீங்களா?” என்று கேட்டபடி கையைப் பிடிக்கப் போகிறார். பிடிக்கும் முன் தேய்க்க வேண்டும். கேனுலா இருக்கும் இடம் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார், கட்டில் கம்பியை இறக்குகிறார், டிரிப்ஸை நிறுத்துகிறார். இப்போது கேனுலாவின் மூடியைத் திறக்கப் போகிறார்.

கவனிக்க வேண்டிய நொடி இதுதான். ஏற்கெனவே தேய்த்த கைதானே என்று தோன்றும். ஆனால் நோயாளியின் தோலையும் கம்பியையும் தொட்ட விரல் இப்போது நேராக ரத்தக் குழாய்க்கு வழி திறக்கிறது. அவர் தோலில் கேடு செய்யாமல் இருந்த கிருமி ரத்தத்துக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மறுபடி தேய்த்து, மூடியையும் வாயையும் ஆல்கஹால் பஞ்சால் 15 நொடி அழுத்தித் துடைத்து, உலர விட்டு, பிறகு மருந்து. முடித்து வெளியே வரும்போது இன்னொரு முறை. 13ஆம் கட்டிலுக்கு நேராக, நடுவில் எதையும் தொடாமல் போனால் அந்த ஒரே தேய்ப்பு 12க்குப் பின்னும் 13க்கு முன்னும் ஆகிய இரண்டுக்கும் போதும். நடுவில் செல்போன் அடித்து அதை எடுத்தால் போதாது.

டாக்டர் ரவுண்ட்ஸிலும் கணக்கு இதேதான். 30 நோயாளிக்கு 31 தேய்ப்பு, 25 நொடி வீதம் 13 நிமிடம். ஆனால் ஹவுஸ் சர்ஜன் அடுத்த கேஸைச் சொல்லத் தொடங்கும்போதே தேய்த்தால் தனியாக நேரம் போகாது. யூனிட்டின் மூத்த டாக்டர் முதல் கட்டிலில் பாட்டிலை எடுத்தால் பின்னால் நிற்கும் ஆறு பேரும் எடுப்பார்கள். அவர் எடுக்காவிட்டால் எத்தனை வகுப்பு நடத்தினாலும் அந்த ஆறு பேரில் பெரும்பாலோர் எடுக்க மாட்டார்கள். ஸ்டெதஸ்கோப்பின் தட்டையும் கட்டிலுக்குக் கட்டில் ஆல்கஹால் பஞ்சால் துடைக்க வேண்டும்.

கிளவுஸ் போட்டதால் கை சுத்தமாகிவிடாது. கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும், கழற்றும்போது வெளிப்புறம் கையில் படும். சுத்தச் செயலுக்குப் போடும் முன் தேய்க்க வேண்டும், கழற்றியதும் கட்டாயம் தேய்க்க வேண்டும். ஒரே கிளவுஸோடு இரண்டு பேருக்கு ரத்தம் எடுப்பது, கிளவுஸின் மேலேயே ஹேண்ட் ரப் போடுவது இரண்டும் தவறு. பிரசவ அறையில் ஒரு தாய்க்கு உள்பரிசோதனை முடித்துக் கிளவுஸை மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்த தாயிடம் போவது மிக ஆபத்தான பழக்கம்.

ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தின்போது ராமேசுவரம் பக்கம் அவசரப் பிரிவில் ஒரே கட்டிலில் இருவர், தரையில் பாய் என்று ஆகலாம். அப்போதும் ஒவ்வொருவரும் தனி எல்லைதான். பாட்டிலைத் தொங்கவிட இடமில்லாத அந்த நாட்களுக்காகவே சட்டைப்பைப் பாட்டில்களைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

பேசின் பக்கம்

பத்துக் கட்டிலுக்கு ஒரு பேசினாவது வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தொட்டியிலிருந்து கைகழுவும் பேசினுக்குத் தனிக் குழாய் இழுக்க முடிந்தால் இழுங்கள், தரை கழுவ உப்புத் தண்ணீர் போதும். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படலமாகிவிடுவதால்தான் நுரை வருவதில்லை. அங்கே கட்டிச் சோப்பைவிடத் திரவக் கைகழுவி நன்றாக வேலை செய்யும். கட்டிச் சோப்புதான் என்றால் சிறு துண்டுகளாக, தண்ணீர் வடியும் கம்பித் தட்டில். தண்ணீரில் ஊறிக் கிடக்கும் சோப்பில் கிருமி வளரும். குழாய் வாயில் படியும் உப்பை வாரம் ஒருமுறை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து நீக்குங்கள்.

தண்ணீர் நின்றுபோகும் நாட்களுக்கு, அடியில் குழாய் வைத்த மூடிய டிரம். வாளியில் மக்கை விட்டு மொண்டால் ஒவ்வொருவர் கையும் தண்ணீரில் படும். மீதக் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

பேசின் பக்கத்தில் தொங்கும் ஒரே துண்டை இன்றே எடுத்துவிடுங்கள். கழுவிய கைகளை மறுபடி அழுக்காக்குவது அந்தத் துண்டுதான். காகிதத் துண்டுக்கு வசதியில்லாவிட்டால் பழைய பருத்திப் படுக்கைவிரிப்பை ஓர் அடிச் சதுரங்களாக வெட்டித் தைத்து, ஒரு தடவை துடைத்ததும் கூடையில் போட்டு, வெளுத்து ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கம்) செய்து திரும்ப வைக்கலாம். குழாயை அதே துண்டால் மூட வேண்டும்.

எரிச்சல் என்று ஒதுக்குபவர்களுக்கு: ஹேண்ட் ரப் பட்டதும் எரிந்தால் தோலில் ஏற்கெனவே வெடிப்பு இருக்கிறது என்று பொருள், பெரும்பாலும் சோப்பாலும் கிளவுஸ் வியர்வையாலும் வந்தது. சோப்பைக் குறைத்தால் தேறும். டூட்டி முடிந்ததும் ஈரப்பசை க்ரீம் போடட்டும். தேங்காய் எண்ணெய் வீட்டில் தடவலாம், டூட்டியில் வேண்டாம், எண்ணெய் லேடெக்ஸ் கிளவுஸைக் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் கிளிசராலால் கை பிசுபிசுப்பதாகச் சொல்வார்கள். புகார் உண்மையானது. இரண்டு மூன்று தயாரிப்புகளைக் கொடுத்து, வார்டு ஊழியர்கள் தேர்ந்தெடுப்பதை வாங்குவதே சரி.

எண்ணும் முறை

பாட்டில் வந்து, பயிற்சியும் முடிந்த பிறகு எண்ணத் தொடங்குங்கள். பயிற்சி பெற்ற ஒரு தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ், ஒரு தாள், 20 நிமிடம். ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் கவனிக்க முடியாது. தருணம் வந்ததா, தேய்த்தாரா, கழுவினாரா, விட்டாரா என்று மட்டும் குறிக்க வேண்டும். டாக்டரா, நர்ஸா, உதவியாளரா என்று எழுதலாம், பெயர் எழுதக்கூடாது. செய்த எண்ணிக்கையைத் தருண எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம்.

ஒரு வார்டுக்கு ஒரு சுற்றில் 200 தருணம் சேர வேண்டும். 20 தருணத்தில் 60 சதவீதம் வந்தால் உண்மை நிலை 40க்கும் 80க்கும் இடையே எங்கும் இருக்கலாம். 200இல் வந்தால் 53க்கும் 67க்கும் இடையே. இருபதை எண்ணிவிட்டு “போன மாதத்தைவிட 10 சதவீதம் ஏறிவிட்டது” என்று பலகையில் எழுதுவது யாரையும் காப்பாற்றாது.

மொத்தச் சதவீதத்தோடு நிறுத்தாமல் தருணவாரியாகப் பிரியுங்கள். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு: 200 தருணத்தில் 90 தடவை செய்திருக்கிறார்கள், 45 சதவீதம். பிரித்தால், தொடும் முன் 60இல் 18, சுத்தச் செயலுக்கு முன் 25இல் 10, ரத்தம் முதலியவை பட்ட பின் 20இல் 17, தொட்ட பின் 65இல் 39, சுற்றுப்புறம் தொட்ட பின் 30இல் 6. ரத்தம் பட்ட பின் 85 சதவீதம், நோயாளியைத் தொடும் முன் 30 சதவீதம். தன்னைக் காத்துக்கொள்ளும் கை, நோயாளியைக் காக்க மறக்கிறது. உலகெங்கும் பல மருத்துவமனைகளில் காணும் வடிவம்தான் இது. இந்த வார்டுக்குத் தேவை பொது வகுப்பு இல்லை. ‘தொடும் முன்’ என்ற ஒன்றை மட்டும் ஒரு மாதம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆள் நின்று பார்க்கும்போது எல்லாரும் கூடுதலாகவே தேய்ப்பார்கள். அதனால் கவனிப்புச் சதவீதத்தோடு ஹேண்ட் ரப் செலவையும் பக்கத்தில் வையுங்கள். சதவீதம் 90, செலவு 1000 நோயாளி-நாளுக்கு 4 லிட்டர் என்றால் இரண்டில் ஒன்று தவறு. இரவு டூட்டியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எண்ணாத வார்டின் கணக்கு பாதிக் கணக்கு.

திருப்பிச் சொல்வது

எண்ணிய வாரத்திலேயே சொல்ல வேண்டும். நர்ஸ்களுக்கு ஷிப்ட் மாறும்போது ஐந்து நிமிடம், டாக்டர்களுக்கு யூனிட் கூட்டத்தில் தலைவர் வாயால். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே குழுவினர் கட்டிலருகே ஹேண்ட் ரப், சுவரொட்டி, தொடர்ந்த கணக்கெடுப்பு, திருப்பிச் சொல்லுதல் எல்லாம் சேர்த்து நடத்தியபோது, 1994இல் 48 சதவீதமாக இருந்த கைச்சுத்தம் 1997இல் 66 ஆனது. மருத்துவமனைத் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 1998இல் 9.9க்கு இறங்கியது. நர்ஸ்களிடம் ஏற்றம் தெளிவாக இருந்தது, டாக்டர்களிடம் நிலைமை மோசமாகவே நீடித்தது. எனவே டாக்டர்களுக்குத் தனியாகத் திட்டமிடுங்கள். நர்ஸ்களுக்கான வகுப்பில் அவர்களையும் உட்காரச் சொன்னால் வர மாட்டார்கள். அவர்கள் யூனிட் எண்ணிக்கையை அவர்களிடமே, மற்ற யூனிட்டுகளோடு பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

டாக்டர் மறந்தால் நர்ஸ் எப்படிச் சொல்வது? நம் ஊரில் வாயால் திருத்துவது கடினம். பாட்டிலை நீட்டி, “சார், ஹேண்ட் ரப்” என்ற இரண்டு சொல் போதும். டாக்டர் கையை நீட்டி “தேங்க்ஸ் சிஸ்டர்” என்று வாங்கிக்கொள்ள வேண்டும். இதை டீனும் ஆர்.எம்.ஓ.வும் எல்லார் முன்னிலையிலும் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் முறை முகம் சுளிக்கப்பட்ட நர்ஸ் இரண்டாம் முறை நீட்ட மாட்டார். நோயாளியையும் கூட இருப்பவரையும் “டாக்டரிடம் கேளுங்கள்” என்று தூண்டும் சுவரொட்டி நமக்கு ஒத்துவராது. பாம்பனிலிருந்து படகு வேலையை விட்டுவிட்டு வந்து பயந்துகொண்டு நிற்கும் ஒருவர் தலையில் அந்தப் பாரத்தை வைக்கக்கூடாது. அவருக்கு வாசல் பாட்டிலைக் காட்டி, “அண்ணே, உள்ள வரும்போதும் போகும்போதும் ரெண்டு அழுத்து” என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

பெயர் சொல்லித் தண்டிப்பதும் மெமோ கொடுப்பதும் வேண்டாம். அடுத்த சுற்றில் தாளில் 100 சதவீதம் வரும், பாட்டில் நிரம்பியபடியே இருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று எண்ணுங்கள். புது ஹவுஸ் சர்ஜன்களும் நர்சிங் மாணவிகளும் வரும் மாதத்தில் கூடுதலாக ஒன்று. தினமும் காலை ஷிப்டில் ஒருவர் எல்லாப் பம்ப்பையும் ஒரு முறை அழுத்திப் பார்த்து, அடைத்ததையும் காலியானதையும் அங்கேயே மாற்றி, வார்டு நோட்டில் நேரத்தோடு கையெழுத்துப் போட வேண்டும். அந்த நோட்டை வாரம் ஒருமுறை தலைமை நர்ஸ் பார்த்து, எந்தக் கட்டில் பாட்டில் வாரக்கணக்கில் மாற்றப்படவே இல்லையோ அந்தக் கட்டிலைப் பார்க்கும் குழுவோடு முதலில் பேசட்டும்.